தாங்கிப் பாடினவள்

டெட்ராய்ட்,
12 ஜனவரி 1964

நியூயார்க் போனதும் எங்களை மறந்த மகாராணி வெர்லீன் அக்காவுக்கு,

உன் ஒரே தங்கை ஓஸெல்லா எழுதுவது. இங்கே அம்மா நலம், அப்பா நலம். நான் மட்டும் அவ்வளவு நலமில்லை. அதற்குக் காரணம் நீதான்.

உன் முதல் இசைத்தட்டு வந்து சேர்ந்தது. அட்டையைப் பார்த்த அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். ‘வெர்லீன் ஃபோர்டு’ என்றுதான் அப்போதும் இருந்தது. ரதர்ஃபோர்டில் முன்பாதியை எந்த ரயிலில் தொலைத்தாய்?

“இருபத்திரண்டு வருஷமா ஃபோர்டு கம்பெனியில போல்ட் முறுக்கறேன். கடைசியில என் வீட்டிலேயும் ஒரு ஃபோர்டைப் பண்ணிட்டானுங்களே!” என்றார்.

“கவலைப்படாதீங்கப்பா, இது நல்லா ஓடற மாடல்தான்” என்றேன். அம்மா கரண்டியைத் தூக்கினாள்.

வீட்டு நிலவரத்தைச் சொல்கிறேன், கேள். அம்மா எனக்கு வைப்பதும் தட்டுதான், உனக்குச் சுற்றுவதும் தட்டுதான். என் தட்டில் நேற்றைய கீரையும் ஆறிப்போன சோளரொட்டியும் இருக்கும். உன் தட்டை மட்டும் ஃப்ளானல் துணியால் துடைத்து, இரண்டு கையாலும் ஏந்தி வைப்பாள். காலை ஜெபத்துக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. நடுவில் கர்த்தருக்கு ஐந்து நிமிடம் கிடைக்கிறது.

போன வாரம் உன் பியானோவில் உட்கார்ந்து உன் பாட்டையே வாசித்துப் பார்த்தேன். “அடியே, மூடியை மூடு. அது வெர்லீனோட பாட்டு” என்றாள் அம்மா. பாட்டுக்கு வேலி போட்டிருக்கிறதா என்று கேட்டேன். அதற்கும் கரண்டிதான்.

சபைச் செய்தி ஒன்று. காய்ச்சலோடு தனிப்பாட்டுப் பாடுவேன் என்று அடம்பிடித்த பிரதர் ஆர்விலை ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகத் தாங்கிவிட்டோம். இரண்டாம் சரணத்தில் குரல் உடைந்து தவளையாகிவிட்டார். சிஸ்டர் பிளெவின்ஸ் தன் பெஞ்சிலிருந்தே பல்லவியை எடுத்தார், சபை முழுக்க எழுந்து நின்று பாடி முடித்தது, அவர் கைக்குட்டையோடு நின்றார். தாங்கப்பட்டவருக்கு உள்ள வழக்கப்படி ஒரு மாதத்துக்கு அவருக்குத் தனிப்பாட்டு இல்லை, பின்வரிசைதான். ஒன்பது வயதில் நான் பாஸ்டரம்மாவை, அவர் நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும்போதே, விளையாட்டுக்குத் தாங்கினேனே, நினைவிருக்கிறதா? “விழாதவங்களைத் தாங்கறது சபை நடுவுல கன்னத்துல அறையற மாதிரிடி” என்று சிஸ்டர் பிளெவின்ஸ் திருகிய காது குளிர்நாளில் இன்னும் வலிக்கிறது.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வருடத்துக்குள் உன்னையும் கூப்பிடுகிறேன், என் தட்டில் நீயும் பாடுவாய் என்று ரயிலடியில் சொன்னாய். பிப்ரவரி பதினாலோடு வருடம் முடிகிறது. என் பெட்டி கட்டிலுக்கடியில் காலியாக, வாயைத் திறந்து காத்திருக்கிறது. நானும் அப்படியே.

உன்னை நினைத்துப் பல்லைக் கடிக்கும்,
ஓஸெல்லா ரதர்ஃபோர்டு (முழுப் பெயர்!)


நியூயார்க்,
2 பிப்ரவரி 1964

என் வாலு ஓஸிக்கு,

அக்காவின் முத்தங்கள். உன் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரி சுவரைத் தட்டினாள்.

பெயரை நான் தொலைக்கவில்லை. கம்பெனி மிஸ்டர் ஹால்வர்சன் அட்டையில் இடம் போதவில்லை என்றார். அப்பாவிடம் இதைச் சொல்லாதே. நானே பேசுகிறேன்.

இங்கே ஒரு பாட்டைப் பதினெட்டுத் தடவை பாடச் சொல்கிறார்கள். பதினோராவது தடவை எனக்கே மயிர் சிலிர்க்கும். அவர்கள் நாலாவதை எடுத்துக்கொள்வார்கள். பாடி முடித்தபின், ஒலிநாடா ஓடி நிற்கும்வரை, ஒருவரும் இருமக்கூடாது. நம் சபையில் அப்படியொரு மௌனம் விழுந்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்று அர்த்தம். நான் அந்த மௌனத்துக்கு நடுவே, “ஆமேன்” சொல்ல ஒரு வாய் கிடைக்காதா என்று ஒலிப்பதிவு அறையின் கண்ணாடித் தடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன மாதம் பியானோவுக்கு வேறு ஆளை வைத்து, என்னை மைக் முன்னால் நிற்கச் சொன்னார்கள். “கையை வெளியில விட்டுட்டு வாய் மட்டும் உள்ள வராதுங்க” என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பியானோவைத் திருப்பித் தந்தார்கள். அதனால் உன்னைப் பற்றி இப்போது கேட்க முடியவில்லை, ஓஸி. ஒரு சண்டையில் ஒன்றைத்தான் ஜெயிக்க முடிகிறது. கொஞ்சம் பொறு.

நல்ல செய்தி: ஏப்ரல் 18, சனிக்கிழமை சாயந்திரம், டெட்ராய்டில் பன்னிரண்டாம் தெரு கிளப்பில் நேரடி ஒலிப்பதிவு. முன்னால் இரண்டு மேஜை நம் சபைக்காரர்களுக்கு. கிளப் என்று பாஸ்டர் முகம் சுளிப்பார், பாஸ்டரம்மா புதுத் தொப்பியோடு வந்துவிடுவார், பாரேன்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் என் பியானோ பெஞ்சில் யார் உட்கார்ந்து வாசிக்கிறார்கள்? நீ சொல்லவே இல்லை. நீதான் என்றால் சொல்லிவிடு, தாங்கிக்கொள்கிறேன்.

அன்புள்ள அக்கா,
வெர்லீன்


டெட்ராய்ட்,
30 மார்ச் 1964

பொறு பொறு என்று எழுதிய அக்காவுக்கு,

பொறுத்தேன். ஆமை மாதிரிப் பொறுத்தேன். பொறுவையும் ஆமையையும் சேர்த்துச் சொல்லிப் பார், என் உடம்பு நிலவரம் விளங்கும்.

உன் பெஞ்சில் நான்தான் உட்காருகிறேன். சூடாகத்தான் இருக்கிறது. பாஸ்டர் மூன்று மாதமாக அதை எனக்குத் தந்திருக்கிறார். சொன்னால் நீ அழுவாய் என்று சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருப்பதிலும் ஒரு ருசி இருந்தது.

நேற்று ஈஸ்டர் தனிப்பாட்டும் எனக்கே கிடைத்தது. வெள்ளைக் கவுன், வெள்ளைக் கையுறை, ஒரு பிசிறில்லை. ஆராதனை முடிந்ததும் வாசலில் வரிசையாக வந்து கையைப் பிடித்தார்கள்.

“அப்படியே வெர்லீனை உரிச்சு வெச்ச மாதிரி இருந்துச்சும்மா.”

“கண்ணை மூடிக்கிட்டா வெர்லீன்தான்.”

“வெர்லீன் எப்ப வருது?”

பதினேழு பேர், அக்கா. எண்ணினேன். ஒருவர்கூட ஓஸெல்லா என்று சொல்லவில்லை. அம்மா மட்டும், “நல்லாத்தான் பாடுனே, ஓஸி” என்றாள். அந்த ‘தான்’ தொண்டையில் கெளுத்தி முள்ளாய் நிற்கிறது.

இன்னொன்று. உன் காதுக்கு எப்படியும் வரும், நானே சொல்லிவிடுகிறேன். விலாக்கறிக் கடை ஜூக்பாக்ஸில் உன் பெயர்ச் சீட்டையும் போல்கா நடனப் பாட்டின் சீட்டையும் மாற்றிச் சொருகிவிட்டேன். மூன்று நாள், உன் பாட்டைக் கேட்கக் காசு போட்டவர்களுக்கெல்லாம் அக்கார்டியன் வாசித்தது. “வெர்லீன் நியூயார்க் போய் ரொம்ப மாறிட்டா” என்றார் ஒரு தாத்தா, விலாவைக் கடித்துக்கொண்டே. சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்தது. அப்புறம் வீட்டுக்கு வந்து கட்டிலில் நீ படுக்கும் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டேன். அது ஏனென்று கேட்காதே.

பதினெட்டாம் தேதி வருகிறேன். முன் மேஜை. நல்ல கவுன். வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்று அம்மா பைபிளில் கை வைக்கச் சொன்னாள். வைத்தேன். இடது கையைத்தான்.

ஓஸெல்லா


நியூயார்க்,
27 ஏப்ரல் 1964

என் ஓஸிக்கு, என் உயிருக்கு,

அன்றைக்குக் கூட்டத்தில் உன்னைத் தனியாகக் கட்டிக்கொள்ளக்கூட முடியவில்லை. மறுநாள் விடிந்ததும் ரயிலேற்றிவிட்டார்கள். அதனால் இதில் எழுதுகிறேன். யாரிடமும் சொல்லாதே.

அன்று எனக்கு நூற்றிரண்டு டிகிரிக் காய்ச்சல். மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் பியானோவில் உட்கார்ந்தேன். முதல் இரண்டு பாட்டு எப்படியோ போய்விட்டது. மூன்றாவது, நான் எழுதிய அந்த ஆற்றுப் பாட்டு, இரண்டாம் சரணத்தில் குரல் போய்விட்டது. உடைந்தது என்றால்கூடப் பரவாயில்லை, ஒன்றுமே வரவில்லை. வாய் திறந்திருக்கிறது, உள்ளே காற்றுக்கூட இல்லை. விளக்கு வெளிச்சத்தில் ஒரு முகமும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். விரல் மட்டும் அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த டிரம்ஸ்காரருக்கே தெரியவில்லை. எழுந்து ஓடிவிடலாம் என்று காலைப் பெடலிலிருந்து எடுத்தேன், ஓஸி.

அப்போது உன் குரல் வந்தது.

நீ பல்லவியை எடுத்தாய். சிஸ்டர் பிளெவின்ஸ் சேர்ந்தார், இரண்டு மேஜையும் எழுந்து நின்றது, அப்புறம் சபை என்றால் என்னவென்றே தெரியாத கூட்டமும் எழுந்தது. என்னைத் தாங்கினீர்கள். மூன்று பல்லவி போனபின் என் குரல் திரும்பி வந்தது. அந்தக் குரலில் நான் முன்னால் பாடியதே இல்லை.

மிஸ்டர் ஹால்வர்சனுக்குத் தாங்குவது என்றால் என்னவென்று தெரியுமா? “கூட்டமே சேர்ந்து பாடுது! இதை முன்னாடியே ஏற்பாடு செஞ்சியா? பிரமாதம்!” என்றார். அதைத்தான் தட்டாகப் போடுகிறார்கள். இதுதான் சமயமென்று பிடித்துக்கொண்டேன். “அதை எடுத்துக் குடுத்தது என் தங்கச்சி. அடுத்த ஒலிப்பதிவுக்கு அவ வந்தாத்தான் நான் வருவேன்” என்றேன். சரியென்றுவிட்டார்!

ஒன்றே ஒன்று சொல். ஒருவருக்கும் தெரியாதது உனக்கு எப்படியடி தெரிந்தது?

உன் அக்கா


டெட்ராய்ட்,
4 மே 1964

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டாய். பதினாறு வருடம் ஒரே கட்டிலில் படுத்தவளுக்கு மூச்சு மாறினால் தெரியாதா? இரத்தம் சொல்லிற்று என்று வைத்துக்கொள்.

முதல் வாரம் சபையில் பெரிய குசுகுசுப்பு. “வெர்லீனையே தாங்க வேண்டியதாப் போச்சே” என்று சிஸ்டர் பிளெவின்ஸ் தலையை ஆட்டினார். என்னைப் பார்த்த பார்வையில் பழைய காதுத் திருகல் இருந்தது. யாரிடமும் சொல்லாதே என்றுவிட்டு, உன் காய்ச்சல் விஷயத்தை நீயே அம்மாவுக்கும் எழுதினாயாமே. அம்மா அதைத் திருச்சபை வாசலில் நின்று வாசித்துவிட்டாள். அதோடு பார்வைகள் மாறிவிட்டன.

அம்மாவும் மாறிவிட்டாள். சர்க்கரைவள்ளிப் பணியாரத்தில் பெரிய துண்டு இப்போது எனக்குத்தான். நேற்று என் தலையைத் தடவி, “உங்க அக்காவை நீதானடி காப்பாத்துனே. உன்னைப் போய் இத்தனை நாள் திட்டினேனே” என்றாள். பியானோ மூடியைத் தானே திறந்து வைத்தாள். உட்கார்ந்தேன். என்ன வாசிப்பதென்று தெரியவில்லை.

பெட்டியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

ஓஸி


நியூயார்க்,
3 ஜூன் 1964

என் தங்கத்துக்கு,

இதோ புதுத் தட்டு! அட்டையைத் திருப்பிப் பார். பாட்டின் பெயருக்குக் கீழே, சிறிய எழுத்தில்: ‘உடன் பாடியவர்: ஓஸெல்லா ரதர்ஃபோர்டு’. முழுசாகப் போட்டிருக்கிறார்கள், பாவிகள்! உனக்கு மட்டும் அட்டையில் இடம் எப்படிக் கிடைத்தது? வாழ்க்கையில் முதல் தடவையாக உன்னைப் பார்த்து வயிறு எரிகிறது. எரியட்டும், இனிமையாக இருக்கிறது.

வானொலியில் ஒரு நாளைக்கு ஆறு தடவை போகிறதாம். இனிக் கடைக்காரர்கள் சீட்டை மாற்றிச் சொருகவிடமாட்டார்கள்.

இதனோடு ரயில் டிக்கெட் வைத்திருக்கிறேன். ஜூன் 26. பள்ளிக்கூடம் முடிந்திருக்கும். என் அறையில் இன்னொரு கட்டில் போடச் சொல்லிவிட்டேன். ஒரே கட்டிலில் படுக்க நீ பெரியவளாகிவிட்டாய், உதைப்பாய்.

உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்? அந்த நாளுக்கு முன்னால் ஒவ்வொரு மேடையிலும், குரல் போய்விடுமோ, ஒருவரும் கவனிக்கமாட்டார்களோ என்று பயந்துகொண்டுதான் ஏறுவேன். இப்போது அந்தப் பயம் இல்லை. நான் விழுந்தால் அது ஒருத்திக்குத் தெரியும். அந்த ஒரு நினைப்பில்தான் பாடிக்கொண்டிருக்கிறேன்.

சீக்கிரம் வாடி.

வெர்லீன்


டெட்ராய்ட்,
11 ஜூன் 1964

அக்கா,

இந்தக் கடிதத்தில் சிரிப்பு இருக்காது. மூன்று தடவை சிரிப்பாகத் தொடங்கிப் பார்த்துக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

உன் குரல் போனது எனக்குத் தெரியாது.

அன்றைக்கு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதல் பாட்டு முடிகிறவரை அவள் கை என் முழங்கால்மேல் இருந்தது. அப்புறம் கைதட்ட எடுத்தாள், திரும்ப வைக்கவில்லை. இரண்டாம் பாட்டில் அப்பா எழுந்து நின்றார். என் ஈஸ்டர் பாட்டை அவர் உட்கார்ந்தேதான் கேட்டார். மூன்றாவதில் நீ கண்ணை மூடினாய், பாட்டை நிறுத்தினாய், விரலை மட்டும் ஓடவிட்டாய். கூட்டத்தை ஏங்கவைக்க வேண்டுமென்றே செய்கிறாய் என்று நினைத்தேன். பாடாமல் இருப்பதைக்கூட இவள் இத்தனை அழகாகச் செய்கிறாளே என்று எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது.

நான் உன்னைத் தாங்கவில்லை, அக்கா. சபைக்காரர்கள் முன்னால் உன்னை அறைந்தேன். நீ பின்வரிசைக்குப் போக வேண்டும், ஒரு மாதமாவது யாரும் வெர்லீன், வெர்லீன் என்று சொல்லக்கூடாது. அவ்வளவுதான் என் மனதில் இருந்தது. ஒன்பது வயதில் செய்தது விளையாட்டு. இது விளையாட்டில்லை.

சிஸ்டர் பிளெவின்ஸ் சேர்ந்து பாடியபோது ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்புறம் உன் குரல் திரும்பி வந்தது. அது வந்த விதத்தில், என் கை நகம் மேஜைத்துணியைக் கிழித்துவிட்டது.

மே மாதக் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். டிக்கெட் ஆசையில் சொல்லவில்லை. அம்மா தலையைத் தடவிய பிறகு சொல்ல வாய் வரவில்லை. ஆனால் நீ விழுந்தால் எனக்குத் தெரியும் என்று எழுதிவிட்டாய். அதை நம்பிக்கொண்டு நீ மேடையேறுகிறாய். எனக்குத் தெரியாது, அக்கா. இன்னொரு நாள் நீ விழும்போது நான் கைதட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

டிக்கெட்டை இதற்குள் வைத்திருக்கிறேன். இதைப் படித்த பிறகும் நீ அதைத் திருப்பி அனுப்பினால் வருகிறேன். பாடவேண்டாம், உன் துணி மூட்டையைத் தூக்கு என்று சொன்னாலும் வருகிறேன்.

அம்மாவிடம் தொண்டைக்கட்டு, இப்போது போகமுடியாது என்று சொல்லப்போகிறேன்.

ஓஸெல்லா


டெட்ராய்ட்,
20 செப்டம்பர் 1964

அன்புள்ள அக்காவுக்கு,

ஜூன் 26 போய்விட்டது. ஜூலை முழுவதும் தபால்காரர் மிஸ்டர் டீக்ஸை வாசலில் மறித்துப் பார்த்தேன். “உனக்குன்னு நானே ஒண்ணு எழுதிக் கொண்டாரட்டுமா பாப்பா?” என்றார் பாவம். அதன்பின் மறிப்பதை விட்டுவிட்டேன்.

நம் பாட்டு... மன்னித்துக்கொள், உன் பாட்டு எல்லா ஜன்னலிலும் கேட்கிறது. சலூன், மீன்கடை, பஸ். பல்லவி வரும் இடத்தில் ஜனங்கள் என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையசைக்கிறார்கள். நானும் அசைக்கிறேன். பின்பாட்டுக்கு சிகாகோவிலிருந்து ஒரு பெண்ணை எடுத்திருக்கிறாய் என்று அம்மாவுக்கு எழுதியிருந்தாய். அவள் நன்றாகப் பாடுகிறாளா? கேட்க எனக்கு உரிமையில்லை, கேட்காமலும் இருக்க முடியவில்லை. அவளை நினைத்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. என் குணம் உனக்குத்தான் தெரியுமே.

பெஞ்சை பாஸ்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நானாகவே பின்வரிசையில் நிற்கிறேன். ஏனென்று யாருக்கும் சொல்லவில்லை. சிஸ்டர் பிளெவின்ஸ் மட்டும் ஒரு ஞாயிறு பக்கத்தில் வந்து நின்று, ஒன்றும் கேட்காமல், பாட்டுப் புத்தகத்தை எனக்கும் தெரியும்படி பிடித்துக்கொண்டார்.

நேற்று அம்மாவுக்கு உன் கடிதம் வந்தது. சமையலறை மேஜையில் வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தாள். புது பியானோ, பாஸ்டன் நிகழ்ச்சி, நீல நிறக் கவுன் எல்லாம் கேட்டேன். கடைசியில், “ஓஸியை ரொம்ப விசாரிச்சிருக்கா. தொண்டையைப் பாத்துக்கச் சொல்லியிருக்கா” என்றாள்.

படிக்கும்போது அம்மாவின் விரல் வரியோடு நகரும். அந்த வரிக்கு மட்டும் நகரவில்லை.

கொடியில் துணி எடுக்க அவள் வெளியே போனதும் எடுத்துப் பார்த்தேன். இரண்டு தாள், நாலு பக்கம். ஓரங்களையும் பார்த்தேன். உறையின் உள்பக்கத்தையும் பார்த்தேன். ஜூலையில் வந்ததையும் ஆகஸ்டில் வந்ததையும் அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

டிக்கெட் கேட்டு இதை எழுதவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அதை நீ வைத்துக்கொண்டு மெல்ல யோசி. ஆனால் அம்மாவை இதில் இழுக்காதே, அக்கா. எனக்குப் பொய் கைவந்த கலை. அவள் அறுபது வயதில், எனக்காக, இப்போதுதான் பழகுகிறாள். படித்து முடித்ததும் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய்விடுகிறாள்.

அடுத்த கடிதத்தில் என் பெயரை ஒரு தடவை எழுது. திட்டி எழுதினாலும் சரி. அம்மா அதைச் சத்தமாகப் படிக்கட்டும், விரலை வைத்து.

ஓஸெல்லா